உன் பெயருக்குக் கீழே ஒரு வரி

அன்புள்ள தாயி,

தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு இத்தனை பக்கம் எழுதி அனுப்புகிறார் என்று நினைப்பாய். இந்த விஷயத்தைப் போனில் எடுத்தால் நீ ‘ம்’ கொட்டுவாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அங்கே மழையா, சாப்பிட்டாயா என்று பேச்சைத் திருப்பிவிடுவேன். மூன்று மாதமாக அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில் எழுதினால் பாதியில் நழுவ முடியாது. உன் அம்மா எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். “எல்லாத்தையும் எழுதுங்க, பாதிய முழுங்கிராதீக” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

இன்னும் ஐந்து வாரத்தில் உனக்குக் கல்யாணம். நீ கொச்சியில் தீவுக்கும் கரைக்கும் நடுவே ஆட்களை ஏற்றி இறக்கும் இரட்டை எஞ்சின் படகை ஓட்டுகிறாய். நான் இங்கே இருபத்தாறு வருடமாகப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனை ஓட்டுகிறேன். நீ ஓட்டுகிற வேலையை விட்டுவிடுவாய் என்று, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் ஒரு வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதோடு ஒரு பொய்யும் சொன்னேன். இரண்டையும் முதலிலிருந்து சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

இருக்கன்குடிப் பக்கத்திலிருந்து முத்துராஜ் வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்தது அது. நீ உள்ளே இருந்தாய். உன் அம்மா சட்னிக்கு மிக்ஸியைப் போட்டிருந்தாள். மாப்பிள்ளை சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஆஃப்செட் மெஷினில் ஆபரேட்டர், நல்ல பையன், தலை நிமிர்ந்து பேசுகிறான், எனக்குப் பிடித்துவிட்டது. அவன் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவர்தான் கேட்டார், “பொண்ணு என்ன வேலை பாக்குது சம்மந்தி?” நான் “ஸ்ராங்கு” என்றேன். அது உண்மைதான். அந்தப் பக்கத்தில் படகு ஓட்டுகிறவருக்கு அதுதான் பெயர், உன் லைசென்ஸிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை நான் எதற்கு எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். இங்கே யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியாது என்பதால் எடுத்தேன். “அப்படின்னா?” என்று கேட்டார். “படகுத் துறையில ஆபீஸர் மாதிரி” என்றேன். மிக்ஸி சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவர் அடுத்ததைக் கேட்டார், “கல்யாணத்துக்கு அப்புறம் அம்புட்டுத் தூரம் எப்படி?” “அதெல்லாம் விட்டுரும்” என்றேன். உன் அம்மா கதவருகில் நின்று என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

டிரைவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தாயி. அதுதான் விஷயம். இருபத்தாறு வருடம் டிரைவர் சம்பளத்தில் சோறு தின்றவன், உன்னை அதில் படிக்க வைத்தவன், என் பிள்ளையும் டிரைவர் என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கூசினான். நீ பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தபோது இனி உன் கையில் கிரீஸ் படாது என்று நான் கனவு கண்டேன். நீயோ கொச்சிக்குப் போய் எஞ்சின் பார்க்கும் வேலையில் சேர்ந்து, அப்புறம் ஓட்டும் லைசென்ஸும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். அன்று உனக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன். ஊரில் யார் கேட்டாலும் ‘ஹார்பர்ல வேலை’ என்று மட்டும் சொல்லிவைத்தேன். பெண் பார்க்க வந்த அன்று சொன்ன பொய் திடீரென்று வந்ததில்லை, அதற்கு முன்பே சில்லறை சில்லறையாகப் பழகியிருந்தேன்.

போன மாதம் உன்னைப் பார்க்கச் சும்மா வந்தேன் என்று சொன்னேன் அல்லவா. சும்மா வரவில்லை. ராஜினாமாக் கடிதம் கொடுக்கச் சொல்லத்தான் வந்தேன். உன் அம்மா கொடுத்தனுப்பிய சீடையும் கருவாடும் ஒரு பையில், சொல்ல வேண்டிய பேச்சு மனசில், இரண்டையும் சுமந்துகொண்டு எர்ணாகுளத்தில் வந்து இறங்கினேன். நீ காக்கிப் பேன்ட்டும் நீலச் சட்டையும் போட்டு, கொண்டையை இறுக்கிக் கட்டி, படகு வந்து அணைகிற ஜெட்டி மேடையில் நின்றாய். எனக்கு உன்னைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. “டூட்டி முடியட்டும்ப்பா, அப்புறம் வீட்டுக்குப் போவோம்” என்று சொல்லி, படகில் நீ நின்று ஓட்டுகிற அறைக்குப் பின்னால் முதல் பெஞ்சில் என்னை உட்கார வைத்தாய். கண்ணாடி ஜன்னல் வழியாக உன் முதுகும் இரண்டு கையும் எனக்குத் தெரிந்தன.

முதல் நடையிலேயே மானத்தை வாங்கினேன். ஜெட்டி கிட்டே வர வர என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பக்கத்தில் கூடையோடு இருந்த மீன்கார அம்மா என் காலைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், தள்ளி உட்கார்ந்தார். வேன் ஓட்டுகிறவனுக்கு முன்னால் சுவர் வந்தால் பிரேக் வேண்டும். நீ பிரேக்கும் போடவில்லை, ஸ்டீயரிங்கையும் தொடவில்லை. இரண்டு லீவரை மட்டும் முன்னே பின்னே லேசாகத் தள்ளினாய், ஏதோ பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி. அவ்வளவு பெரிய படகு சத்தமில்லாமல் பக்கவாட்டில் போய் ஜெட்டியில் ஒட்டிக்கொண்டது. எனக்கு வியர்த்துவிட்டது.

டீ குடிக்கிற இடைவேளையில் கேட்டேன். “தண்ணியில பிரேக்கு கிடையாதுப்பா” என்று சொன்னாய். “நிக்கணும்னா எஞ்சினப் பின்னுக்குக் கொடுக்கணும். அதுவும் ஒரு நொடி, ரெண்டு நொடி. தொட்டுட்டு விட்டுரணும். பாதி நேரம் நியூட்ரல்லதான் வருவேன்.” ஸ்டீயரிங் எதற்கு என்றேன். “அது வேகமாப் போறப்ப. கரைக்கு வந்துட்டா நேரா வச்சுட்டு மறந்துருவோம். ரெண்டு எஞ்சினும் ரெண்டு கை மாதிரி. ஒண்ணு முன்ன தள்ளும், ஒண்ணு பின்ன இழுக்கும், நின்ன இடத்துலயே சுத்தும்.” டீ கிளாஸை ஜெட்டியாக வைத்து, தீப்பெட்டியைப் படகாக வைத்துக் காட்டினாய். சாய்வாக வந்து மூக்கைக் கரைக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம் கரைக்கு அந்தப் பக்கம், வெளிப்புறம் இருக்கிற எஞ்சினைப் பின்னுக்குத் தொட வேண்டும். அது படகையும் நிறுத்தும், வாலையும் கரைப் பக்கம் கொண்டுவரும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதில் உனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. வேன் ஓட்ட வருவதற்கு முன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு முதலாளி வீட்டில் நான் டிராக்டர் ஓட்டினேன். டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக். உழுது முடித்துக் காட்டின் ஓரத்துக்கு வந்தால் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் போதும், வண்டி அந்தப் பக்கமே சுழன்று திரும்பும். என் அப்பா அதே காட்டில் கூலிக்குக் களை பறித்தவர். நான் டிராக்டரைச் சுழற்றித் திருப்புவதை அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று பார்ப்பார். அதை அன்று உன்னிடம் சொல்லவில்லை. நீ தீப்பெட்டியைச் சுழற்றியபோது அவர் நின்ற மாதிரிதான் நானும் நின்றேன் என்பதை இப்போது சொல்கிறேன்.

சாயங்கால நடையில்தான் அது நடந்தது. ஆபீஸ் விட்ட கூட்டம், படகு நிறைய ஆள். தண்ணீரில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வந்துகொண்டிருந்தது. நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளியது. ஜெட்டி இருபதடியில் இருக்கும்போது வலது எஞ்சின் இருமிவிட்டு நின்றது. இடது பக்கத்தைத்தான் நீ கரைக்குக் கொடுக்க வந்துகொண்டிருந்தாய். அப்படியானால் வெளிப்புறத்து எஞ்சின்தான் போய்விட்டது, வாலை இழுக்க ஆள் இல்லை. கயிற்றோடு முன்னால் நின்ற பையன் உன்னைத் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்து கண்ணாடியில் கையை வைத்து, “இம்புட்டுத் தூரந்தான தாயி, அப்படியே விட்டுப் புடி” என்றேன். படகுக்குள் ஒருவர் நேரமாகிறது என்று மலையாளத்தில் கத்தினார். நீ திரும்பவே இல்லை. “அப்பா, உக்காருங்க” என்றாய்.

உக்காருங்கப்பா இல்லை. அப்பா, உக்காருங்க. இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் எனக்குத் தெரியும், வேனில் படியில் நின்று பயணம் செய்கிறவர்களிடம் நானே அந்தக் குரலில் பேசியிருக்கிறேன். உட்கார்ந்துவிட்டேன்.

நீ ஜெட்டியை விட்டுவிட்டாய். கண்ணுக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்த ஜெட்டியை விட்டு வெளியே போனாய். படகில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஸ்டீயரிங்கையும் இடது எஞ்சினையும் மட்டும் வைத்து அகலமாக ஒரு வட்டம் போட்டு, எதிர்த் திசையிலிருந்து திரும்பி வந்தாய். இப்போது ஓட்டம் முன்னாலிருந்து வந்து படகைப் பிடித்துக்கொண்டது. வலது பக்கம் கரைக்கு வந்தது, உயிரோடு இருந்த இடது எஞ்சின் வெளிப்புறத்துக்குப் போய்விட்டது. அது எனக்கு வட்டம் பாதி முடிந்தபோதுதான் விளங்கியது. மூக்கு ஜெட்டியைத் தொட்டது, நீ பின்னுக்கு ஒரு தொடு தொட்டாய், வால் வந்து ஒட்டியது. கத்தியவர் முதல் ஆளாக இறங்கிப் போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு, எஞ்சின் விசிறியில் சுற்றிய களையை எடுக்க ஆள் வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாய்.

நான் அந்தப் பெஞ்சிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் வலி என்று உன்னிடம் சொன்னேன். கால் வலி இல்லை. எனக்கு ராசாத்தியின் விரல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ராசாத்தி அக்காவை உனக்குத் தெரியும், என் வேனில் மூன்றாவது சீட்டில் ஜன்னல் ஓரம் வருகிறவள். பட்டாசுக் கம்பெனிக்குள் வேனை எப்படி நிறுத்துவோம் என்றும் உனக்குத் தெரியும். வண்டியின் முகப்பு கேட்டைப் பார்த்தபடிதான் நிறுத்த வேண்டும், சாவி வண்டியிலேயே இருக்க வேண்டும், ஏதாவது ஒன்று என்றால் திருப்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அதனால் காலையில் உள்ளே போனதும் எல்லா வண்டியும் ரிவர்ஸில் போய்த்தான் நிற்கும். எங்கள் டிரைவர்களுக்குள் அதில் ஒரு கௌரவம். ஸ்டீயரிங்கை ஒரு தடவை ஒடித்தால் வண்டி நேராகப் போய் நிற்க வேண்டும். அதற்கு ‘ஒரே ஒடி’ என்று பெயர். முன்னே எடுத்து மறுபடி பின்னே வந்தால் மற்ற டிரைவர்கள் கைதட்டிக் கேலி செய்வார்கள். நான் ஒரே ஒடிக்காரன் என்று பெயர் வாங்கியவன்.

நீ ஏழாவது படித்த வருடம் அது. தீபாவளி சீசன், லோடு லாரிகள் வழியை அடைத்து நின்றன. ரிவர்ஸ் எடுக்கும்போதே கோணல் விழுந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. தெரிந்தது தாயி, அது தெரியவில்லை என்று நான் சொன்னது பொய். ஒரு தடவை முன்னே எடுத்திருந்தால் சரியாகியிருக்கும். மற்ற டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே விட்டேன். பக்கச் சுவரில் வேன் உரசியது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த ராசாத்தியின் நடுவிரல் நுனி சுவருக்கும் வண்டிக்கும் நடுவே போய்விட்டது. நான் இறங்கி வந்து முதலில் சொன்ன வார்த்தை, “கைய எதுக்கு வெளிய வச்ச?” எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு அவளைத் திட்டினார்கள். அதற்குப் பிறகு அவளுக்குத் திரி வேலை ஓடவில்லை, லேபிள் ஒட்டுகிற பக்கம் மாற்றிவிட்டார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் தினமும் காலையில் அவள் என் வண்டியில் ஏறுகிறாள், நான் கண்ணாடியில் அவள் கையைப் பார்க்காமல் ஓட்டுகிறேன்.

கொச்சியிலிருந்து வந்த மறுநாள் அவளிடம் சொன்னேன். எல்லோரும் இறங்கியபின் நிறுத்தி, “அன்னைக்குத் தப்பு எம்மேலதாம்மா, கோணல்னு தெரிஞ்சேதான் விட்டேன்” என்றேன். “இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்” என்றாள். “மெஷின்ல கைரேகை வைக்கணும், நேரமாச்சு” என்று போய்விட்டாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. சாயங்காலம் வழக்கம்போல மூன்றாவது சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

உன்னிடம் ராஜினாமா பற்றிப் பேசாமலே நான் ஊர் திரும்பியது இதனால்தான். ஆனால் திரும்பி வந்து மாப்பிள்ளை வீட்டில் உண்மையைச் சொன்னேனா என்றால், இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். சம்பந்தம் உடைந்துவிடுமோ என்று பயம். உனக்கு வயது இருபத்தெட்டு, ஊர் வாய் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். போன வாரம் அழைப்பிதழ் புரூப் வந்தது. மாப்பிள்ளை வேலை பார்க்கிற பிரஸ்ஸிலேயே அடிக்கிறார்கள், கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிற பையன் நேரில் கொண்டுவந்து கொடுத்தான். உன் பெயர், அதற்குப் பக்கத்தில் டி.எம்.இ., அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘அதிகாரி, படகுத் துறை, கொச்சி’. நான் வாயால் சொன்ன பொய் பச்சை மையில் பூப்போட்ட பார்டருக்குள் உட்கார்ந்திருந்தது. பையன் பேனாவை நீட்டி, “சரியான்னு பாத்து ஒரு கையெழுத்துப் போட்டுருங்க அண்ணாச்சி” என்றான். என்னால் முடியவில்லை. ரெண்டு நாள் கழித்து வா என்று அனுப்பிவிட்டேன். உன் அம்மா அன்று இரவு ஒன்றும் பேசாமல் சோறு போட்டாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவும் வருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன், சொன்னவனே போய் மாற்றட்டும் என்று. முத்துராஜ், அவன் அப்பா, அம்மா மூன்று பேரும் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். சொம்பைக் கீழே வைக்காமலே சொன்னேன், “சம்மந்தி, ஒரு பொய் சொல்லிட்டேன்.” அந்த அம்மா பதறிப்போய், “வயசுலயா?” என்று கேட்டார். “இல்லம்மா, வேலையில. ஸ்ராங்குன்னா ஆபீஸர் இல்ல. டிரைவர். எம் பிள்ள படகு ஓட்டுது.”

அவன் அப்பா மெதுவாகக் கேட்டார், “நீங்களும் டிரைவருதான சம்மந்தி?”

“ஆமா.”

“உங்களுக்கே அது கேவலமாத் தெரிஞ்சா, எங்களுக்கு எப்படித் தெரியும்னு நெனச்சீக?”

அவர் சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவர் தீப்பெட்டி ஆபீஸில் நாற்பது வருடம் குச்சி அடுக்கியவர். அதை எங்கேயும் மறைத்துப் பேசியதில்லை. “வேலைய விட்டுரும்னும் சொன்னீகளே?” என்று கேட்டார். “அதுவும் நான் சொன்னதுதான். பிள்ளையக் கேக்கல. அது விடாது. விடச் சொல்லி நான் கேக்கவும் மாட்டேன். இதுல உங்களுக்கு மனசு இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க, எம் மேலதான் தப்பு, பிள்ள மேல இல்ல” என்றேன். சொல்லும்போது என் குரல் உடைந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உன் அம்மா எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறாள்.

அப்போதுதான் முத்துராஜ் வாயைத் திறந்தான். “எனக்குத் தெரியும் மாமா” என்றான். அவன் அப்பா திரும்பிப் பார்த்தார். “மொத நாள் போன்ல பேசும்போதே சொல்லிருச்சு. படகு ஓட்டுறேன், விட மாட்டேன், சம்மதம்னா மேல பேசுங்கன்னு. எர்ணாகுளத்துல நாலு பிரஸ்ஸுல நான் வேலை கேட்டு வச்சிருக்கேன்.” பின்னே இத்தனை நாள் எதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று அவன் அம்மா கேட்டார். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “‘எங்கப்பா மிக்ஸி சத்தத்துல எனக்குக் கேக்கலன்னு நெனச்சிருக்காக. நீங்க முந்திச் சொன்னா அவுகளுக்குத் தலையிறக்கமாப் போயிரும். அவுக வாயால சொல்லட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கங்க’ன்னு ஒங்க பிள்ள கேட்டுக்கிருச்சு.”

தாயி, என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து நின்றேன். உன் வேலையைக் கேட்காமல் விற்றவன் நான். நீ அதைக் காதால் கேட்டுவிட்டு, காபி டம்ளரோடு வெளியே வந்து, எனக்குத்தான் முதல் டம்ளரைக் கொடுத்தாய். மூன்று மாதம் என்னோடு மழையும் சாப்பாடும் பேசியிருக்கிறாய். கொச்சிக்கு வந்தபோது நான் எதற்கு வந்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தாய். உன்னை நான்தான் வளர்த்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டு நிலவரத்தையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கல்யாணத் தேதியில் மாற்றம் இல்லை. உன் மாமனாருக்கு என் மேல் வருத்தம் இருக்கிறது, அது போக நாளாகும், அது நியாயம்தான். மாமியாருக்கு மகன் ஊரை விட்டுப் போவதில் சம்மதமில்லை. “எம் பிள்ள அங்கன போயி மீனையே தின்னுக்கிட்டுக் கெடக்கணுமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் நான் கிளம்பும்போது, நீ ஜெட்டியில் படகை அணைக்கிற வீடியோவை மகனின் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். “பிரேக்கு எங்கன இருக்கு?” என்று என்னிடம் கேட்டார். நான் நின்றுகொண்டே விளக்கினேன். இரண்டு கையையும் முன்னே பின்னே ஆட்டிக் காட்டியதில் பஸ்ஸை விட்டுவிட்டேன். அவரிடம் நீ பொறுமையாகப் பேசு. ஒரே பேச்சில் ஜெயிக்கப் பார்க்காதே. மகனைப் பிரிகிறவர் சுடுசொல் சொன்னால் கேட்டுக்கொள். வேலையை விடு என்று யார் சொன்னாலும், நானே மறுபடி சொன்னாலும், விடாதே. முத்துராஜிடம் இனியும் எல்லாவற்றையும் இதேபோல முதல் நாளே சொல்லிவிடு. என்னைப்போலப் பூசி மெழுகக் கற்றுக்கொள்ளாதே, அது ஒன்றுதான் என்னிடமிருந்து உனக்கு வேண்டாம்.

நேற்று பிரஸ்ஸுக்கு நேரில் போனேன். கம்ப்யூட்டர் பையன் புரூப்பை எடுத்து வைத்தான். உன் பெயருக்குக் கீழே இருந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘படகு ஓட்டுநர், கொச்சி’ என்று என் கையால் எழுதினேன். அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான், டைப் அடித்தான். திரையில் அந்த வரி வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெயருக்கு மேலே, இன்னாரின் மகள் என்கிற இடத்தில் என் பெயர் மொட்டையாக இருந்தது. பேனாவை மறுபடி வாங்கி அதற்குக் கீழேயும் எழுதினேன். “பொண்ணோட அப்பா பேருக்கெல்லாம் யாரும் வேலை போடுறதில்லையே அண்ணாச்சி” என்றான் பையன். நான் போடச் சொன்னேன். அவன் என் பெயருக்குக் கீழே ‘வேன் ஓட்டுநர்’ என்று அடித்தான். நான் கையெழுத்துப் போட்டேன்.

உன் அப்பா